கறுப்புத் தாளில் ஒரு ஜன்னல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பரவாயில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

ஒரே ஊரின் இந்தக் கோடியில் நானும் அந்தக் கோடியில் நீயும் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் கிளினிக்குப் பெண், "டாக்டர் ஒருத்தர் வாயில கை வெச்சிருக்காரும்மா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றாள். இந்த ஊரில் அத்தனை பேருக்கா பல் வலிக்கிறது?

ட்ரௌட் மீன் முட்டைகள் நேற்று வந்தன. உங்கள் தூண்டில் சங்கத்து ஆள் பெட்டியை வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போய்விட்டான். வெயிலில்! குளிர்ந்த ஓடையில் பொரிக்க வேண்டிய முட்டை. நான் குளித்துக்கொண்டிருந்தால் அத்தனையும் அவிந்திருக்கும். "ஏம்ப்பா, இது என்ன பால் பாக்கெட்டா?" என்று கேட்பதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. நீ சங்கத்துச் செயலாளர். அவனைக் கேள்.

முட்டைகளில் பழுது அதிகமில்லை. பட்டாணி அளவு, ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றிலும் கண்ணாகப் போகிற இரண்டு கறுப்புப் புள்ளிகள். சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தொட்டியை வைத்திருக்கிறேன். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம் நாள் முழுக்க முனகுகிறது. நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டேன். நீ எழுதிக் கொடுத்த விதிகளைப் பிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறேன். குஞ்சுகள் மனிதரைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்கக் கூடாது. தீனி எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது. உன் கையெழுத்து எப்போதும் போலக் கோணல். விதி நேராக இருக்கிறது.

போன வருடம் நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குக் கொஞ்சம் கோபம் ஆறுகிறது. ஓடையில் ட்ரௌட் அற்றுப்போய்விட்டது, வீட்டுத் தொட்டிகளில் குஞ்சு வளர்த்து மறுபடி விடுவோம் என்று உன் அத்தான் சங்கத் தலைவராக இருந்தபோது திட்டம் போட்டார். வளர்த்தவர்கள் எப்படி வளர்த்தார்கள்? நாய்க்குட்டி வளர்ப்பது போல. கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார்கள். விரல் நுனியில் வைத்து ஊட்டினார்கள். பேர் வேறு வைத்தார்கள். ஓடையில் விட்டதும், கரையில் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அது கொக்கின் நிழல். ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஊரே சிரித்தது. அடுத்த மாதமே அவர் கண்ணை மூடிவிட்டார்.

இந்த வருடம் தொட்டி வைத்திருப்பது நான் ஒருத்திதான். இவையும் கொக்கு வாய்க்குப் போனால் திட்டத்தை மூடிவிடுவீர்கள். மூடிவிட்டு, அந்த மனுஷன் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்வீர்கள். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

உன் அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்து முடித்தேன். உட்கார்ந்தால் அதற்கும் ஏதாவது சொல்வாயோ என்ற பயம் இந்த வயதிலும் போகவில்லை.

முட்டை கொண்டுவந்தவனைக் கண்டித்துவிட்டேன். "அம்மா குளிக்கப் போயிருந்தா நான் என்ன சார் பண்றது?" என்கிறான். அவனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். பாவம், பிள்ளைகுட்டிக்காரன்.

உன் கண் என்ன ஆயிற்று? புரை முற்றினால் நல்லதில்லை என்று கண் டாக்டர் என்னிடமே சொன்னார். மீனைச் சாக்காக வைத்து ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. அந்த நாட்களில் தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் போக ஓர் இடம் வேண்டும். வீட்டில் இப்போது நானும் பிரிட்ஜும்தான். அதுதான் அவ்வப்போது ஏதாவது உறுமுகிறது.

ஹோட்டல்காரர் நேற்றுக் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும், "அக்கா மீனெல்லாம் எப்படி இருக்கு டாக்டர்? கொக்குங்க விசாரிச்சுக்கிட்டே இருக்கு" என்றார். உடனே வாயில் பஞ்சை வைத்துவிட்டேன். தேவைக்கு மேலேயே வைத்தேன்.

அன்புடன்,
உன் தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

ஹோட்டல்காரருக்கு நீ பஞ்சு வைத்தது சரி. மயக்க மருந்து இல்லாமல் பிடுங்கியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

குஞ்சுகள் பொரித்து, வயிற்றில் கட்டிக்கொண்டு பிறந்த சோற்று மூட்டை தீரும்வரை கல்லிடுக்கில் கிடந்தன. இப்போது எழுந்து நீந்துகின்றன. நான் எப்படிப் பார்த்தேன் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. விளக்கை அணைத்துவிட்டு, மூடியின் ஓரத் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். அதுவும் தெரிகிற கண்ணை.

மாடியில் குடியிருக்கும் டீச்சர் வந்து, "ஏம்மா, பெரிசானதும் பொரிச்சுச் சாப்பிடவா இவ்வளவு பாடு?" என்றாள். "சாப்பிட இல்ல, ஓடையில விட" என்றேன். "விடறதுக்கா? அதுக்குக் கடையிலயே வாங்கி விட்டுடலாமே!" என்கிறாள். இவள்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, கண்ணுல தண்ணி படக் கூடாது" என்கிறார் டாக்டர். மீன் தொட்டி என்பதே குனிந்து தண்ணீர் தூக்குகிற வேலைதான். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற என் பள்ளித் தோழி வீட்டில் இரண்டு வாரம் தங்கப் போகிறேன். அவள் ஓய்வுபெற்ற நர்ஸ். என்னை அதட்டத் தெரிந்த ஒரே பிறவி.

நீ சொன்ன வார்த்தையை நம்பி வீட்டுச் சாவியை மருந்துக்கடையில் கொடுத்துவைக்கிறேன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே. குளோரின் போக ஒரு நாள் வாளியில் நிற்க வேண்டும். தீனிப் பொடியை, தொட்டிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிற தட்டியின் பின்னால் நின்று ரப்பர் குழாய் வழியாக விடு. பாடாதே. பேசாதே. எந்தக் காரணம் கொண்டும் கறுப்புத் தாளைத் தொடாதே. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் ஜாங்கிரியைத் தொடாதே என்று சொன்னபோது நீ செய்தது எனக்கு மறக்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தோழி சொன்னார். நீ கண்ணை வருத்தாமல் இருக்க இந்தக் கடிதத்தை அவரே உனக்குப் படித்துக் காட்டப் போகிறாராம். அதனால் உன்னைப் பற்றி மனதில் பட்டதை எழுத முடியாமல் இருக்கிறேன்.

மீன்கள் சௌக்கியம். ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது எல்லாம் வேளைக்கு நடக்கிறது. கிளினிக்கை இப்போது சீக்கிரமே மூடிவிடுகிறேன். கிளினிக்குப் பெண், "என்ன சார், வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "ஆமா, நிறையப் பேரு" என்றேன். சாயங்காலச் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு இங்கேயே வந்து, உன் மேஜையில், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பயப்படாதே, கறை படியாமல் காகிதம் விரித்துக்கொள்கிறேன்.

அவசரப்பட்டு வந்துவிடாதே. நன்றாக ஓய்வெடு.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

வழக்கமாக எழுதுகிற வார்த்தையை எழுதப் பேனா வரவில்லை.

நேற்று வீடு திரும்பினேன். புதுக் கண்ணுக்கு எல்லாமே பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கண்ணால் நான் முதலில் பார்த்தது உன் கைவேலையை. தொட்டியின் முன்பக்கத் தாளில் ஒரு ஜன்னல். அளவெடுத்து, கோணல் இல்லாமல், பல் வைத்தியக் கத்தியால் அறுத்து, மேல் ஓரத்தில் பிளாஸ்திரியால் கீல் வைத்து, தூக்கித் திறக்க நூலில் ஒரு பிடி. கையெழுத்துதான் உனக்குக் கோணல். குற்றம் செய்வதில் எவ்வளவு நேர்த்தி!

மூடியைத் திறந்தேன். ஓடி ஒளிய வேண்டிய குஞ்சுகள் அத்தனையும் ஒரே கும்பலாக மேலே வந்து, என் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தன.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. "சார் எவ்வளவு நல்லவரும்மா! தினமும் சாயங்காலம் அதுங்களோட பேசிக்கிட்டே கையால போடுவாரு. பல்லைத் தட்டிப் பாக்கிற குச்சி வெச்சிருக்காருல்ல, அதால மூடியில டொக் டொக்னு ரெண்டு தட்டு. குழந்தைங்க மாதிரி ஓடி வரும். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாரே!" காட்சி வேறு நடத்தியிருக்கிறாய். டிக்கெட் எவ்வளவு வைத்தாய்?

விதியை எழுதியவன் நீ. போன வருடம் ஓடைக்கரையில் அவர் பக்கத்தில் நின்று, கொக்கு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றதைப் பார்த்தவன் நீ. ஊர்க்காரர்கள் செய்தால் அறியாமை. நீ செய்தால் அதற்கு என்ன பெயர்? எனக்குப் பதில் வேண்டும். வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

வேடிக்கையாகப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முதல் சில நாட்கள் நீ சொன்னபடியே செய்தேன். தட்டிக்குப் பின்னால் நின்று குழாயில் பொடியை விட்டேன். பிறகு ஒரு நாள் குழாய் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து கையால் தூவினேன். ஒன்றே ஒன்று மேலே வந்தது. என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் குழாயைச் சரி செய்யத் தோன்றவில்லை. அதற்கு மறுநாள் கத்தியை எடுத்தேன்.

அக்கா, நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறவர்களைத்தான் பார்க்கிறேன். குழந்தைகள் அம்மாவின் பின்னால் ஒளிகின்றன. பெரியவர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார்கள், பல் கட்டச் சொல்லிவிடுவேனோ என்று. என்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்த ஜீவன்கள் இவைதான். இப்போது வீட்டிலும் யாரும் இல்லை.

சின்ன வயதில் மட்டும் என்ன? அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தட்டினால், திறந்ததும் நீ கேட்பது, "காலைக் கழுவினியா?" ஒரு நாளாவது வேறு ஏதாவது கேட்டிருக்கிறாயா?

இதையெல்லாம் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

காலைக் கழுவாமல் சேற்றோடு வந்து நிற்கிறவனிடம் வேறென்ன கேட்பார்கள்? தரையைத் துடைத்தவள் நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உன் தனிமை எனக்குப் புரியாது என்று நினைக்கிறாயா? இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்த மேஜையில் ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுகிறவள் நான். அதற்காக நான் மீனிடம் போய்ப் பேசவில்லை. உனக்கு ஆறுதல் வேண்டுமென்றால் ஒரு கிளி வாங்கியிருக்கலாம். ஓடையில் பிழைக்க வேண்டிய ஜீவனைக் கிளியாக்கியது அன்பு இல்லை. உன் சாயங்காலப் பொழுதுபோக்குக்கு அவை உயிரைக் கொடுக்க வேண்டும். இதைவிட மரியாதையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடந்ததை மாற்ற ஒரே வழி இருக்கிறது, அதை ஆரம்பித்துவிட்டேன். ஜன்னலை ஒட்டிவிட்டேன். தீனி இப்போது இருட்டில், குழாய் வழியாக, கல்லுக்கு அடியில் மட்டுமே போகிறது. பகலில் மூடியைத் திறந்தால் தீனி கிடையாது. கறுப்புக் குடை படீரென்று விரியும், வலை தண்ணீரை அடிக்கும். ஒன்றிரண்டை வலையில் தூக்கி, ஒரு நொடி காற்றில் வைத்துவிட்டுத் திரும்பவும் விடுகிறேன். அவர் கடைசியாக யோசித்து வைத்திருந்த முறை இது, செய்து பார்க்கத்தான் அவருக்கு நாள் இல்லை. இப்போது என்னைக் கண்டால் கல்லுக்குள் போகின்றன.

ஆனால் நேற்று இயந்திரத்தைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரால் மூடியை இரண்டு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான், அத்தனையும் மேலே! "அட, என்னைத் தெரியுது பாரும்மா!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நான் அதே போலத் தட்டிப் பார்த்தேன். என் நிழலைக் கண்டு ஒளிந்தன. அவை அஞ்சக் கற்றுக்கொண்டது என்னை மட்டும்தான். ஆண் பிள்ளையின் உருவமும் அந்தத் தட்டலும் சேர்ந்தால் இன்னும் தீனிதான்.

ஆகவே நீ வர வேண்டும். அதே குச்சியால், அதே போல இரண்டு தட்டு. மேலே வந்ததும் வலையால் அடிக்க வேண்டும். உன்னைக் கண்டு ஓடும் வரை, தினமும். பழக்கியவன்தான் பழக்கத்தைக் கெடுக்க வேண்டும். வேறு யாரும் செய்ய முடியாது.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாள் யோசித்தேன். என்னால் முடியாது. நம்பி வருகிறவற்றைக் கூப்பிட்டு அடிக்க என் கை வராது. பல்லைப் பிடுங்கும்போதுகூட வலிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பிடுங்குகிறேன்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. ஹோட்டல்காரர் தன் தோட்டத்தில் ஊற்று நீர்க் குளம் ஒன்று வெட்டியிருக்கிறார். குளிர்ந்த தண்ணீர், மேலே வலை போட்டிருப்பதால் கொக்கு வராது. மீன்களை அங்கே விடலாம் என்கிறார். தங்க வருகிற விருந்தாளிகள் தீனி போடுவார்களாம். அவை உயிரோடு இருக்கும், அக்கா. அதுதானே உனக்கும் வேண்டும்? கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். அத்தானின் பெயரைக் குளத்தின் ஓரத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கவும் ஹோட்டல்காரர் சம்மதித்திருக்கிறார்.

கோபப்படாமல் யோசித்துப் பார்.

உன் தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

யோசித்துப் பார்த்தேன். கோபப்பட்டுக்கொண்டேதான் யோசித்தேன், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய என்னால் முடியும்.

விருந்தாளிகள் தீனி போடுவார்கள். சரி. மீன் ஒரு சாண் வளர்ந்த பிறகு என்ன போடுவார்கள்? அந்த ஹோட்டல் விளம்பரத்தை நீ படிக்கவில்லையா? நான் படித்தேன். "எங்கள் தோட்டத்திலேயே தூண்டில் போட்டு மகிழுங்கள், நீங்கள் பிடித்த மீனை நாங்களே சமைத்துத் தருகிறோம்." கையைக் கண்டதும் ஓடி வருகிற மீன்! தூண்டில் பிடிக்கவே தெரியாதவனும் பிடித்துவிடுவான். கொக்காவது பசிக்குத் தின்கிறது.

அந்த ஹோட்டல்காரரின் தோட்டத்தில் உன் அத்தானின் பெயரைப் பலகையில் எழுதுவீர்களா? போன வருடக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "தலைவருக்குக் கொக்குங்க சார்பில நன்றி தெரிவிச்சுக்கிறேன்" என்றவர் யார்? கூட்டம் சிரித்தது. நீ அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். நீ சிரிக்கவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் நீ எழுந்திருக்கவும் இல்லை. அன்று அவர் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் இந்த மேஜையில் உட்கார்ந்தார். "பயம்தான் சொல்லிக் கொடுத்திருக்கணும். நாம பாசத்தைச் சொல்லிக் கொடுத்துட்டோம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கை வராது என்கிறாய். எனக்கு மட்டும் வருகிறதா? வலையை வீசும் ஒவ்வொரு முறையும் அவை சிதறி ஓடுவதை நான் பார்க்கிறேன். இத்தனை வாரம் நான் கண் முழித்து வளர்த்தவை என் முகத்தைக் கண்டால் சாவைக் கண்டதுபோலப் பயப்படுகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மூடியை மூடுகிறேன். நல்ல பெயர் உனக்கு, கெட்ட பெயர் எனக்கு என்று நீ பங்கு போட்டுக்கொண்டது போதும்.

சனிக்கிழமை காலை உன் குச்சியோடு வா. கமிட்டியில் சொன்னதைக் கமிட்டியிலேயே போய்த் திருப்பி வாங்கு. முடியாது என்றால் வர வேண்டாம். அன்றைக்கு மட்டும் இல்லை, பிறகும்.

அக்கா


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ வந்தாய். அதற்காக இந்த வீட்டில் யாரும் கை தட்டப் போவதில்லை.

கமிட்டியில் நீ எழுந்து நின்று, "குளமும் வேண்டாம், பலகையும் வேண்டாம், மீன் ஓடைக்குத்தான்" என்று சொன்னதாக மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார். ஹோட்டல்காரர் இனிப் பல்லுக்கு வேறு ஊருக்குப் போவாராம். அந்த ஊருக்கு என் அனுதாபம்.

ஆனால் நேற்று நீ செய்தது என்ன? தட்டினாய். நான்கைந்து மேலே வந்தன. வலையைத் தூக்கினாய், தூக்கியபடியே நின்றாய். பிறகு வலையை மேஜை மேல் வைத்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் வாசல் பக்கம் போய்விட்டாய். ஒரு முறை விட்டுக் கொடுத்தால் ஒரு வாரப் பாடம் வீண். அந்த நான்கைந்துக்கும் இன்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கான்வென்ட்டில் பியானோ சிஸ்டர், பாதியில் நிறுத்தினால் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்வார். அழுதுகொண்டே வாசித்திருக்கிறேன். வாசிக்க வந்தது.

வாசலில் நின்று கண்ணைத் துடைப்பதென்றால் துடைத்துக்கொள். துடைத்துவிட்டு உள்ளே வா. நாளைக்கு வேலை இருக்கிறது.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மேல் ஓடையில் நாம் மீன்களை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகப் பயமாக இருந்தது. நேற்றுதான் போனேன்.

கொக்கு வந்திருந்தது. எதிர்க்கரையில், ஆழமில்லாத இடத்தில், ஒற்றைக் காலில். மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அது ஒருமுறை கழுத்தை நீட்டியது. ஒன்றும் இல்லை. இன்னொரு முறை நீட்டியது. அதன் நிழல் விழுந்த இடத்திலிருந்து சின்னச் சின்னதாக ஏதோ தெறித்துக் கல்லுக்கடியில் போனது மட்டும் எனக்குத் தெரிந்தது. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது. நான் பார்த்தவரை அதன் வாயில் ஒன்றும் இல்லை.

அது போன பிறகு நான் கரைக்கு இறங்கினேன். அவை எல்லாம் அங்கேதான் இருந்தன, அக்கா. கல் ஓரத்தில், ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, அசையாமல். விரல் நீளம்கூட இல்லை. குனிந்து, சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்து, பாறையில் இரண்டு தட்டுத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்காதே.

ஒன்றுகூட வரவில்லை. அந்த இடத்தில் மீன் இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லை.

வீட்டுக்கு வந்து, ஜெயித்துவிட்டோம் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. திட்டம் பிழைத்தது, அத்தான் சொன்னது சரிதான் என்று இனி யாரும் சொல்லலாம். மருந்துக்கடைக்காரர் இப்போதே அடுத்த வருடம் தன் வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கக் கேட்கிறார். எல்லாம் நல்ல சேதிதான். ஆனாலும் அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரி வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். பேத்திக்குச் சளி.

உன் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கொக்கு பறந்துபோன பகுதியை நான்கு முறை.

ஓடைக்குப் போனது சரி. குச்சியை எடுத்துக்கொண்டு போனது சரியில்லை. அவை மேலே வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? ஒன்று வந்திருந்தால்கூட நான் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். இனி அந்தக் குச்சி கிளினிக்கைவிட்டு வெளியே வரக் கூடாது. பல்லைத் தட்டுவதற்கு மட்டும்தான் அது.

நீ பாறையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடியதைப் பற்றியும் சொல்கிறேன். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தண்ணீர் மேல் குனிந்தால் எந்த மீனும்தான் ஓடும். ஓடையிலேயே பிறந்த மீனும் ஓடும், நான் வளர்த்த மீனும் ஓடும், உன்னைக் கண்டாலும் ஓடும், ராஜாவைக் கண்டாலும் ஓடும். அவை ஒழுங்காக வளர்ந்த மீன்கள். அதில் உன் கையும் இருக்கிறது. ஹோட்டல்காரர் என்னிடம் கேட்டாலும் இதையே சொல்வேன்.

பேத்திக்குச் சளி என்றால் வெந்நீர் ஆவி போதும், மருந்தாகக் கொட்ட வேண்டாம் என்று உன் வீட்டுக்காரிக்கு எழுது. நான் எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வாள்.

தொட்டியைக் கழுவி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். சாப்பாட்டு மேஜை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒருத்திக்கு அது பெரிய மேஜை. உன் வீட்டுக்காரி திரும்பும் வரை ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். நீ ஹோட்டல் பொட்டலத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் பார்க்க எனக்கு நேரமில்லை. நேரம் தவறி வந்தால் ஆறின சோறுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்த வீட்டில் யாரும் உன்னைக் கண்டு ஓடி வர மாட்டார்கள். எனக்கு முழங்கால் வலி. மணியை அடித்துவிட்டுப் பொறுமையாக நில். வருவேன்.

உன் அக்கா